குற்றமும் உள்ளக் கருத்தும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சென்ற ஆண்டு இதே பந்தலில் கம்பராமாயணத்தைப் பற்றி ஓர் இனிய சொற்பொழிவைக் கேட்டு மகிழ்ந்தோம். இவ்வாண்டு செயலாளர் நம் வீட்டுக்கு வந்து, "குற்றவியல் சட்டத்தைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும்" என்று சொன்னபோது நாம் திகைத்துப் போனோம். நாம் வழக்கறிஞர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்புக்கு விடை கொடுத்துவிட்டு, ரெயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, கம்பி வலைக்குப் பின்னால் டிக்கெட்டு விற்றே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர்கள். "உங்கள் அலமாரியில் சட்டப் புத்தகங்கள் இருக்கின்றனவே!" என்றார் அவர். இருப்பது உண்மை. இலாகாத் தேர்வுக்கென வாங்கியவை அவை. இருமுறை எழுதியும் தேர்வு கிட்டவில்லை. புத்தகங்கள் மட்டும் தங்கிவிட்டன. ஓய்ந்த நேரங்களில் புரட்டிப் புரட்டி, அவற்றின்மீது ஒருவகைப் பற்றும் ஏற்பட்டுவிட்டது. அந்தப் பற்றின் துணிவில்தான் இங்கே நிற்கிறோம். பிழையிருப்பின் அவையில் உள்ள வழக்கறிஞர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் தொழிலிலிருந்தே தொடங்குகிறோம். 1989ஆம் ஆண்டின் ரெயில்வே சட்டத்தில் 137, 138 என்று அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் உள்ளன. இரண்டும் டிக்கெட்டின்றிப் பயணம் செய்வோரைப் பற்றியவை. வண்டி ஒன்று, பெட்டி ஒன்று, டிக்கெட்டு இல்லாமையும் ஒன்றே. எனினும் 137ஆம் பிரிவின்படி அவர் குற்றவாளி, மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்படுவார், சிறையும் உண்டு. 138ஆம் பிரிவின்படியோ அவர் கட்டணத்தையும் அதற்கு மேல் ஒரு மிகைத்தொகையையும் செலுத்திவிட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு தம் பயணத்தைத் தொடரலாம். இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது எது? 137ஆம் பிரிவில் மட்டும், ரெயில்வேயை ஏமாற்றும் கருத்துடன் ஏறியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. பெட்டியில் காலை வைத்தபோது அந்த மனிதர் என்ன நினைத்தார் என்பதே கேள்வி.

அதை அறிவது எப்படி? முதல்நாள் தேதியிட்ட டிக்கெட்டுடன் ஒரு முதியவர் வருகிறார். எழுத்தறியாதவர்; பேரன் வாங்கிக் கொடுத்தான் என்கிறார். அடுத்த பெட்டியில் ஓர் இளைஞர், அதேபோல முதல்நாள் டிக்கெட்டு. பரிசோதகரைக் கண்டதும் கழிப்பறைக்குள் நுழைந்து தாழிட்டுக்கொண்டவர். தாள் இரண்டும் ஒரே வகைதான். ஆயினும் அனுபவமுள்ள பரிசோதகர் இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. டிக்கெட்டு வாங்க நேரமில்லாமல் ஓடி வருபவர், ஏறுவதற்கு முன்பே கார்டிடம் முறையிட்டு அவர் அனுமதிச் சீட்டைப் பெற்றுக்கொண்டால், மிகைத்தொகையும் கிடையாது; கட்டணம் மட்டும் போதும். முன்னதாகச் சொன்னதால் மனம் வெளிப்பட்டுவிட்டது. அதனால் சட்டம் இளகிவிடுகிறது.

எங்கள் கவுண்ட்டரில் இவ்வளவு சிறியதாகத் தோன்றும் இந்த வேறுபாடே குற்றவியல் சட்டம் முழுவதற்கும் அடித்தளம் என்று பின்னர்தான் அறிந்தோம். மனம் குற்றமுடையதாக இல்லாதபோது செயல் மட்டும் ஒருவனைக் குற்றவாளி ஆக்காது என்பது ஆங்கில நீதிமன்றங்களில் பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் ஒரு லத்தீன் முதுமொழியின் பொருள். அந்தக் குற்றமுடைய மனத்தைத்தான் வழக்கறிஞர்கள் 'மென்ஸ் ரியா' என்கிறார்கள். மெக்காலே தலைமையிலான சட்டக் குழுவினர் 1837இல் ஒரு வரைவை முடித்தனர். அது இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் இருந்து, 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமாக நிறைவேறி, 1862 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா அமர்ந்திருக்கிறது. எண்கள் மாறின, கொலைக்கு 302 என்று குழந்தையும் சொல்லிக்கொண்டிருந்தது போய் இப்போது 103 ஆகிவிட்டது. ஆனால் கருத்தைப் பற்றிய அடிப்படை பெரிதும் மாறவில்லை. திரைப்படங்களுக்கு வசனம் எழுதுவோர்தாம் பாவம், புதிய எண்ணைப் பழக வேண்டும்.

அந்தச் சட்டத்தைப் படிப்பதில் ஓர் இன்பம் உண்டு. பிரிவுக்குப் பிரிவு சிறு சிறு எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன. குட்டிக் கதைகள் என்றே சொல்லலாம். ஒருவன் கோடாரியால் வேலை செய்கிறான். கோடாரியின் தலை கழன்று பறந்து அருகே நின்றவன்மீது பட, அவன் இறக்கிறான். வேலை செய்தவன் தக்க எச்சரிக்கையோடு இருந்திருந்தால் அது குற்றமாகாது. மற்றொருவன் பிறன் கோழியைச் சுட்டுத் திருடிக்கொள்ள எண்ணுகிறான். சுடுகிறான்; புதருக்குப் பின்னால் இருந்த ஒரு மனிதன் மாள்கிறான். மனிதன் அங்கிருப்பது அவனுக்குத் தெரியாது. அவன் செய்ய நினைத்தது திருட்டு. நல்ல செயல் அன்று. ஆயினும் உயிரைப் போக்கும் கருத்தோ, உயிர் போகக்கூடும் என்ற அறிவோ அவனுக்கு இல்லாமையால், அதைக் கொலைப்பாற்பட்ட குற்றமாகச் சட்டம் கொள்வதில்லை. கோழித் திருடனிடத்தும் இவ்வளவு நியாயம் காட்டுகிறதே என்று நாம் வியந்ததுண்டு.

கருத்துக்கும் அசட்டைக்கும் இடையே பல படிகள் உள்ளன. கொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்வது மேற்படி. இப்படிச் செய்தால் சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே செய்வது அடுத்தது. எண்ணமும் இன்றிப் பொறுப்பும் இன்றி விரைந்து செய்வது அதற்கும் கீழ். எங்கள் சட்டத்திலும் அப்படியே. வேண்டுமென்றே பயணிகளின் பாதுகாப்புக்கு ஊறு செய்பவனுக்கு 153ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. அசட்டையால் அதே ஊறு செய்பவனுக்கு 154ஆம் பிரிவில் ஓராண்டு வரை. கவிழும் வண்டிக்கு இந்த வேறுபாடு தெரியாது, சட்டத்துக்குத் தெரியும்.

சட்டம் எங்கும் மனத்தைத் தேடுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. 1962 நவம்பரில் ஜெர்மானியர் ஒருவர் சூரிச்சிலிருந்து மணிலாவுக்குப் பறக்கையில், அவர் சென்ற விமானம் பம்பாயில் இறங்கிற்று. அவர் சட்டையின் உட்பைகளில் 34 கிலோ தங்கம். வழியில் கொண்டுசெல்லும் தங்கத்தையும் அறிவிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு சில நாட்களுக்கு முன்னர்தான் அரசிதழில் வெளிவந்திருந்தது. தமக்குத் தெரியாது என்றார் அவர். உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் இருவர், நாட்டின் பொருளாதாரத்தைக் காக்கும் இத்தகைய சட்டத்தில் மனத்தை ஆராய வேண்டுவதில்லை என்று தீர்த்தனர், ஒருவர் மாறுபட்டார். நமக்கு அந்த ஒருவர் பக்கமே மனம் சாய்கிறது. ஆனால் நம் சாய்வை யார் கேட்டார்கள்?

இனி, உள்ளத்தில் உள்ளதை நீதிபதி எவ்வாறு காண்கிறார்? நெஞ்சைப் பிளந்து பார்க்கும் கருவி இன்னும் வரவில்லை. எடுத்த ஆயுதம் எது, அடித்த இடம் எது, எத்தனை அடி, முன்னர் என்ன பேசினான், பின்னர் என்ன செய்தான் என்றெல்லாம் வெளியே தெரிவனவற்றைக் கூட்டிப் பார்த்து உள்ளே இருந்ததை ஊகிக்கிறார். இந்த ஊகத்தில் பொதுமக்கள் அடிக்கடி இடறும் ஓரிடம் உண்டு. ஒரு செயலுக்குத் தூண்டுகோலாக நின்ற காரணம் வேறு. செயலைச் செய்யும் கருத்து வேறு. 1959இல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கை மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடற்படை அதிகாரியான அவர், தம் மனைவியோடு தொடர்பு கொண்டிருந்தவரைச் சுட்டுவிட்டார். அவர் நெஞ்சு பட்ட பாட்டை ஊரே உணர்ந்தது. ஜூரிகள் ஒன்பதின்மரில் எண்மர் அவர் குற்றவாளி அல்லர் என்றனர். ஆனால் உயர் நீதிமன்றமும், 1961இல் உச்ச நீதிமன்றமும் வேறு விதமாகக் கணக்கிட்டன. மனைவி உண்மையைச் சொன்னதற்கும் குண்டு வெடித்ததற்கும் இடையே சுமார் மூன்று மணி நேரம் இருந்தது. அந்நேரத்தில் அவர் குடும்பத்தைச் சினிமாக் கொட்டகையில் கொண்டுவிட்டார். கப்பலுக்குச் சென்று வேறு காரணம் சொல்லிக் கைத்துப்பாக்கியைப் பெற்றார். பிறகே அங்கே சென்றார். திடீரெனப் பொங்கிய சினம் தணிவதற்கு அவ்வளவு நேரம் போதும் என்றது நீதிமன்றம். காரணம் புரிகிறது, இரக்கமும் பிறக்கிறது, கருத்தோ கருத்தாகவே நிற்கிறது.

இதன் மறுபுறமும் உண்டு; அது இன்னும் கொடிது. ஒருவனுக்குக் காரணம் இருந்தது என்று தெரிந்தவுடன், செய்தவன் அவனே என்று முடிவு கட்டிவிடுகிறோம். இதைப் பற்றி இறுதியில் கூறுவோம்.

தமிழர் கூடிய அவையில் மனுநீதிச் சோழனை மறந்து நீதியைப் பேச முடியாது. திருவாரூரில் அரசிளங்குமரன் வீதிவிடங்கன் தேரேறிச் செல்கையில், பசுங்கன்று ஒன்று துள்ளி வந்து சக்கரத்தில் சிக்கி மாண்டது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. கன்று வந்ததையே அவன் கண்டிலன். அமைச்சர்கள், இதற்குக் கழுவாய் உண்டு. உயிருக்கு உயிர் தருவது முறையன்று என்று மன்றாடினர். மன்னன் இசையவில்லை. பெரியபுராணத்தில் நாமெல்லாம் படித்ததுதான். இன்றைய சட்டத்தின் கண்கொண்டு பார்த்தால் அமைச்சர் பக்கமே வெற்றி. இளவரசனிடம் கருத்து இல்லை. தேரை ஓட்டிய வேகத்தைப் பற்றி வேண்டுமானால் விசாரிக்கலாம். ஆயினும் அந்த மன்னனின் சிலையைச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே வைத்திருக்கிறோம்! கருத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில், கருத்தைப் பாராமல் தீர்ப்புச் சொன்னவனுக்குச் சிலை. இதை முரண் என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். இப்போது அப்படித் தோன்றவில்லை. மகன் மனத்தில் என்ன இருந்தது என்பதை அமைச்சர்கள் ஆராய்ந்தனர். மணியை அடித்த பசுவுக்கு என்ன மறுமொழி என்பதை மன்னன் ஆராய்ந்தான். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இந்த இரண்டு கேள்விகளும் ஒரே இரவில் மோதிக்கொண்ட ஒரு வழக்கு நம் கரக்பூருக்கு மிக அருகிலேயே நடந்திருக்கிறது. பாலசோர் செல்லும் பாதையில் அமர்தா ரோடு என்று ஒரு நிலையம் உண்டு. நம்மில் பலர் அதைத் தூக்கத்திலேயே கடந்திருப்போம். அப்பக்கத்தில் ரஸ்கோவிந்த்பூர் என்னும் ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே பெரிய விமானத்தளம் இருந்தது. போர் முடிந்து அது கைவிடப்பட்டது. பாழ்வெளியில் பேய்கள் உலவுகின்றன என்று சுற்றுப்புற ஆதிவாசி மக்கள் நம்பினர். இருட்டிய பின் அவ்வழியே செல்ல அஞ்சினர்.

1958ஆம் ஆண்டு, பழைய விமானத் தகடுகளை விலைக்கு வாங்கக் கல்கத்தாவிலிருந்து ஒரு வணிகர் அங்கே வந்தார். உடன் ஒரு நேபாள வேலையாளும் வந்தான். உள்ளூர்த் தேநீர்க் கடைக்காரர் வீட்டில் தங்கினர். மே மாதம் 20ஆம் தேதி இரவு, ஓர் ஆதிவாசி அந்தக் கடைக்கு வந்தார். இருட்டில் தம் ஊருக்குப் போக அஞ்சி அங்கேயே படுத்துக்கொண்டார். வணிகருக்கும் வேலையாளுக்கும் பேயைப் பார்க்க வேண்டும் என்று ஆசை! நள்ளிரவில் அவரை எழுப்பி, நால்வருமாகப் புறப்பட்டு, அவரை அவர் ஊரில் சேர்த்துவிட்டு, மற்ற மூவரும் விமானத்தளத்தின் ஊடே திரும்பினர். வழியிலிருந்து சுமார் 400 முழத் தொலைவில் ஒரு விளக்கு மினுக்கிற்று. காற்று பலமாக வீசிக்கொண்டிருந்ததால் அது ஆடி அலைந்தது. அதைச் சுற்றிச் சில உருவங்கள் அசைந்தன. பேயேதான் என்று நினைத்து மூவரும் அதை நோக்கி ஓடினர். முதலில் போய்ச் சேர்ந்த நேபாளி, இடுப்பிலிருந்த குக்ரிக் கத்தியை உருவி, அந்த உருவங்களைக் கண்டபடி வெட்டலானான். பின்னால் வந்த தேநீர்க் கடைக்காரர்மீதும் ஒரு வெட்டு விழுந்தது. அவரும் மற்றவர்களும் இட்ட கூக்குரல் காதில் பட்ட பிறகே அவன் கை நின்றது.

அங்கே இருந்தவர்கள் ஆதிவாசிப் பெண்கள். மஹுவா மரத்தடியில் உதிரும் பூக்களைப் பொறுக்குவதற்கு அரிக்கேன் விளக்கோடு வந்திருந்தார்கள். மஹுவா என்பது நம் இலுப்பைதான். நம் பாட்டிமார் இலுப்பைப்பூப் பொறுக்கவில்லையா? அப்படி வந்தவர்கள். ஒரு பெண் இறந்தாள். இருவர் கடுங்காயமுற்றனர்.

நேபாளியின்மீது கொலை வழக்குத் தொடரப்பட்டது. செஷன்ஸ் நீதிபதி அவனை விடுதலை செய்தார். அரசு மேல்முறையீடு செய்தது. ஒரிசா உயர் நீதிமன்றமும் விடுதலையையே உறுதிப்படுத்திற்று. 1960ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்புகளில் அத்தீர்ப்பு இடம்பெற்று, இன்றளவும் சட்ட மாணவர்களுக்குப் பாடமாக உள்ளது. அடிப்படை, அன்றைய தண்டனைச் சட்டத்தின் 79ஆம் பிரிவு. இன்றைய சன்ஹிதாவில் அது 17. நடந்தது இன்னது என்பதைத் தவறாக உணர்ந்து, தான் செய்வது சட்டத்துக்கு உட்பட்டதே என்று நல்லெண்ணத்துடன் நம்பிச் செய்தவன் குற்றவாளி ஆகான். பேயை வெட்டுவதாக அவன் நம்பினான். மனிதரை வெட்டும் கருத்து அவனுக்கு இல்லை.

ஆனால் 'நல்லெண்ணம்' என்ற சொல்லைச் சட்டம் நம்மைப்போல் எளிதாக வழங்குவதில்லை. கெட்ட எண்ணம் இல்லாவிட்டால் போதும் என்று நாம் நினைக்கிறோம். தக்க கவனமும் எச்சரிக்கையும் இன்றிச் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது என்கிறது சட்டம். அரசுத் தரப்பு இங்கேதான் பிடித்தது. அவன் கையில் டார்ச்சு விளக்கு இருந்ததே! அதை ஒரு கணம் அடித்துப் பார்த்திருந்தால் பெண்கள் என்று தெரிந்திருக்குமே! நீதிமன்றம் இதையும் எண்ணிப் பார்த்தது. இன்னும் கூடுதல் கவனம் காட்டியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பது மட்டும் பாதுகாப்பை மறுப்பதற்குப் போதாது என்று முடிவு செய்தது. அந்த இரவு, அந்த இடம், பேய் உண்டு என்ற அவனது நம்பிக்கை, உடன் வந்தவர்களும் அவனைத் தடுக்காமை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது.

தீர்ப்பு சரியென்றே நமக்குப் படுகிறது. அந்த மனிதனைத் தூக்கிலிட்டு யாருக்கு என்ன பயன்? ஆயினும் அந்த டார்ச்சு விளக்கு நம் மனத்தை விட்டு அகலவில்லை. வழக்கு முடிந்தபின் அவன் அதை மறுபடி கையில் எடுத்திருப்பானா? நீதிபதி விடுவித்தார், அவன் மனம் விடுவித்ததா? தீர்ப்பில் இதற்கு இடமில்லை. இருக்க வேண்டியதும் இல்லை. இறந்துபோன பெண்ணின் வீட்டாருக்கும் அத்தீர்ப்பில் மறுமொழி இல்லை. குற்றம் இல்லை என்றதோடு சட்டத்தின் வேலை தீர்ந்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு அரசே இழப்பீடு தரும் திட்டம் வகுக்க வேண்டும் என்ற திருத்தம் 2009 இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. திருவாரூர்ப் பசு அடித்த மணி அரசாங்கத்தின் காதில் விழ அத்தனை காலம் ஆயிற்று.

சட்டம் சொல்லும் குற்றம் ஒன்று. நெஞ்சில் உறுத்தும் குற்றம் மற்றொன்று. இரண்டும் எப்போதும் ஒன்றாய் நடப்பதில்லை. கொலை செய்துவிட்டு நன்றாக உறங்குகிறவர்களும் உண்டு. கைதவறியதற்காகச் சாகும்வரை உறங்காதவர்களும் உண்டு. சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நினையுங்கள். பொற்கொல்லன் சொல்லை நம்பினான்; ஆராயாமல் ஆணையிட்டான்; கோவலன்மீது அவனுக்குப் பகை ஏதும் இல்லை. கருத்து இல்லை என்று அவனும் வாதாடியிருக்கலாம். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும், அந்த வாதம் அவன் வாயில் எழவில்லை. அரியணையிலேயே விழுந்து உயிர் விட்டான். அவன் செய்த தவறு ஆராயாமை ஒன்றே. இக்காலச் சொல்லில் சொன்னால், தக்க கவனமும் எச்சரிக்கையும் இல்லாமை.

உளவியல் அறிஞர்கள் இன்னொன்றைக் கூறுகிறார்கள். நாம் தவறினால் சூழ்நிலையைக் காரணம் காட்டுகிறோம். பிறர் தவறினால் அவர் குணத்தைக் காரணம் காட்டுகிறோம். பிறர் செயலில் சூழ்நிலையை மறந்து குணத்தையே காணும் இந்தப் பிழைக்கு லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1977இல் ஒரு பெயரே சூட்டினார். பெயர் கிடக்கட்டும். நம் காலனியில் குழாயடியில் ஒரு நாழிகை நின்றால் இதை யாரும் கண்டுகொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. இதைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரமாக எண்ணிக்கொண்டிருந்தோம். வீட்டில், சொல்லத்தான் வேண்டும் என்றார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இவ்வூரில் அன்று, வேறொரு நிலையத்தில் நாம் டிக்கெட்டு எழுத்தராக இருந்தோம். எங்களில் மூவர் தமிழர். புதிதாக ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார், ஒரியாக்காரர், எங்களை 'தாதா' என்று அழைப்பார், அதாவது அண்ணா. ஒருநாள் மாலை அவர் கணக்கை முடித்தபோது 2,000 ரூபாய் குறைந்தது. எங்கள் வேலையில் பணம் குறைந்தால் எழுத்தர் தம் கையிலிருந்து கட்டிவிட வேண்டும். அவர் கட்டினார். ஆனால் அந்தத் தொகை எங்கே போயிற்று என்ற பேச்சு எழுந்தது. அவருக்குத் தங்கையின் திருமணம் அடுத்த மாதம். அதை அவரே எல்லாரிடமும் மகிழ்ச்சியோடு சொல்லியிருந்தார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது, கருத்தை நாங்களே நிரப்பிக்கொண்டோம். எடுத்துச் செலவழித்துவிட்டு, பிடிபட்டதும் கட்டிவிட்டார் என்று எங்களுக்குள் தீர்ப்பு எழுதியாயிற்று.

யாரும் அவரை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதைத்தான் அப்போது பெருந்தன்மை என்று நினைத்தோம். தேநீர் வந்தால் அவருக்குச் சொல்லாமல் குடித்தோம். சாப்பாட்டு அடுக்கை வேறு மூலையில் திறந்தோம். அவர் உள்ளே வந்தால் தமிழில் பேசினோம். வெளியூரில் பிழைக்க வந்த நம்மை இங்குள்ளோர் ஐயத்தோடு பார்க்கிறார்கள் என்று இதே சங்கத்தில் எத்தனை முறை குறைப்பட்டிருக்கிறோம்! அவரோ அந்த மண்ணிலேயே பிறந்தவர்.

பன்னிரண்டு நாட்கள் கழித்துக் காஷ் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தக் குறைவுக்கு முந்தைய இரவு முத்திரையிட்டு அனுப்பிய தோல்பையில், எழுதிய தொகையைவிட 2,000 ரூபாய் அதிகம் இருந்ததாம். அந்தப் பையைக் கட்டியவர்கள் நாம். நூறு ரூபாய்த் தாள்கள் இருபது கூடுதலாக உள்ளே போய்விட்டன. விடியற்காலையில் அந்த இளைஞரிடம் பொறுப்பை ஒப்படைத்தபோது மேசை இழுப்பறையில் அத்தனை தாள்கள் குறைந்திருக்கின்றன. புத்தகத்தில் நாம் எழுதியிருந்த தொகையின் கீழே அவர் கையெழுத்திட்டார். எண்ணவில்லை. எண்ணாமல் கையெழுத்திட்டதை நாம் எதிரே நின்று பார்த்தோம். அந்தப் பன்னிரண்டு நாட்களில் ஒருமுறையாவது அது நம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பணம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் நம்மைத் தொடாது. கைதவறல், கருத்து இல்லை. அவரை நினைத்ததிலும் பகை இல்லை. நல்லெண்ணம் இருந்ததா என்று கேட்டால், அந்த இடத்தில்தான் ரஸ்கோவிந்த்பூரின் டார்ச்சு விளக்கு வந்து நிற்கிறது.

அவர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். தங்கையின் திருமணம் நல்லபடியாக நடந்தது. எங்கள் எல்லாருக்கும் அழைப்பிதழ் அனுப்பியிருந்தார். ஒருவரும் போகவில்லை, போக முகமில்லை. புறப்படும் நாளில் விடைபெற வந்தபோது நாம் மன்னிப்புக் கேட்டோம். "விடுங்கள் தாதா" என்றார். பிறகு, தலையைக் குனிந்தபடி, "அன்று காலையில் எண்ணியிருக்கலாம். உங்கள் முன்னால் எண்ணினால் உங்களைச் சந்தேகிப்பதுபோல் ஆகிவிடும் என்று எண்ணவில்லை" என்றார்.

அதன் பிறகு எத்தனையோ பேரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டோம். எதிரே நிற்பவர் கடைசித் தாள்வரை எண்ணி முடிக்கும்வரையில், வண்டி வந்து நின்றாலும் சரி, நாற்காலியை விட்டு நாம் எழுவதில்லை.